பள்ளத்துப் பக்கம் மட்டும் வெள்ளை

நேத்து நீங்க எல்லாரும் சேர்ந்து திரையில போட்டுக் காட்டின அந்தக் கடைவீதி டிசைன் ரொம்ப நல்லா இருந்துச்சு. முகஸ்துதி இல்ல, நிஜமாவே சொல்றேன். நடக்கிறவங்களுக்கு ஒரு கலர், சைக்கிளுக்கு ஒரு கலர், பஸ் நிக்கிற இடத்துக்கு ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் மஞ்சப் பட்டை, பத்தடிக்கு ஒரு போர்டு. எங்க காலத்துல டிரேசிங் பேப்பர்ல மையைக் கொட்டிட்டு அழுதுக்கிட்டு நின்னோம். நீங்க மவுஸை நகர்த்தி ஒரு வீதியையே எழுப்பி நிறுத்திடுறீங்க. பொறாமையாத்தான் இருக்கு, மறைக்க மாட்டேன்.

நடுவுல டீ வந்துச்சு. அதே வீதி முனையில கடை வெச்சிருக்கிற அம்மாதான் கொண்டு வந்தாங்க. டம்ளரை வெச்சுட்டுத் திரையை ஒரு நிமிஷம் பாத்தாங்க. உங்கள்ல ஒருத்தர்கிட்ட என்னமோ கேட்டாங்க. நீங்க சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னீங்க, அவங்களும் தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு அப்புறம் நீங்க காட்டின எதுவும் என் மண்டையில ஏறல. மனசு நேரா கொல்லிமலைக்குப் போயிடுச்சு.

ரிட்டயர் ஆனவளைக் கூப்பிட்டு அனுபவத்தைப் பேசச் சொன்னா, கட்டின பாலத்தையும் வாங்கின மெடலையும் சொல்லுவான்னு எதிர்பாத்திருப்பீங்க. அதெல்லாம் என் வீட்டு ஷோகேஸ்ல தூசி படிஞ்சு கிடக்கு, வந்தா காட்டுறேன். இன்னைக்கு நான் சொல்லப்போறது நான் பண்ணின தப்பை. அந்தத் தப்பால ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு நடு மலையில நின்ன கதையை.

நான் டெல்டாக்காரி. மலைன்னா காலண்டர்ல பாத்ததுதான். உதவிப் பொறியாளரா கொல்லிமலைக்கு மாத்தல் வந்தப்ப, அடிவாரத்துல காரவள்ளியில பஸ் ஏறினவ எழுபது வளைவு முடியறதுக்குள்ள மூணு தடவை வாந்தி எடுத்தேன். சோளக்காட்டுல இறங்கினப்ப, பலாப்பழம் வித்துக்கிட்டு இருந்த ஒரு அம்மா என் மூஞ்சியைப் பாத்துட்டு எலுமிச்சம்பழத்தைக் கையில திணிச்சாங்க. மலையில எனக்குக் கிடைச்ச முதல் மரியாதை அதுதான்.

அந்த ரோட்டைப் பாத்துக்கிற சாலைப் பணியாளர்கள்ல ஒரு அம்மா இருந்தாங்க. பேரைச் சொல்ல மாட்டேன், அவங்களுக்குப் பிடிக்காது. மலை மேலயே இருக்கிற அரியூர் நாட்டுக்காரங்க, ஏறக்குறைய என் வயசு. காலையில முதல் பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்து, மண்வெட்டியும் சாக்குமா எந்த வளைவுல வேலையோ அங்க இறங்கிக்குவாங்க. ரோட்டோரம் மழைத்தண்ணி போற ஓடை அடைஞ்சா திறந்து விடுறது, சரிஞ்ச மண்ணை ஒதுக்குறது, புல் செதுக்குறதுன்னு வேலை. கேட்ட கேள்விக்குப் பதில் வரும், அதுக்கு மேல ஒரு சொல் வராது. எனக்கு முதல்ல அது திமிரோன்னுகூடத் தோணுச்சு.

மேல் வளைவுகள்ல அப்ப பல இடத்துல தடுப்புச் சுவர் கிடையாது. முழங்கால் உசர காவல் கல்லுதான். பள்ளத்துப் பக்கம் இருக்கிற கல்லுக்கு மட்டும் மழைக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிப்பாங்க. எதிர்ப்பக்கம், மேட்டை ஒட்டி இருக்கிற ஓடைக் கல்லெல்லாம் பாசி புடிச்சுக் கறுப்பாவே கிடக்கும். இதை நான் பாத்தேன். பாத்துட்டு என்ன நெனச்சேன் தெரியுமா? பாதி வேலை பாத்துட்டுப் போயிருக்காங்க, சோம்பேறிங்கன்னு நெனச்சேன்.

ஒரு கார்த்திகை மாசம், மேலேருந்து ஒரு பெரிய அதிகாரி ரோட்டைப் பாக்க வர்றாருன்னு தகவல் வந்துச்சு. அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில நிக்கல. ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டேன். மேலேருந்து பத்து வளைவுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை அடிக்கணும், பள்ளத்துக் கல்லு, மேட்டுக் கல்லு, ஓடை ஓரம், மரத்தோட அடி எல்லாம் ஒரே சீரா பளிச்னு இருக்கணும்னு சொன்னேன். எல்லாரும் வாளியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினாங்க. அந்தம்மா மட்டும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க.

"ஏனுங்க மேடம், மேட்டுப் பக்கமும் வெள்ளைங்களா?"

நான் கையில இருந்த பேப்பர்லேருந்து தலையைக்கூட நிமித்தல. "ஆமாம்மா, எல்லாப் பக்கமும்தான். அழகா இருக்கும்" அப்படின்னேன்.

"சரிங்க" அப்படின்னாங்க. போய் அடிச்சாங்க. என்னமோ ஏனோதானோன்னு அடிச்சாங்கன்னு நெனச்சுடாதீங்க. ஒரு சொட்டு ரோட்டுல சிந்தல.

அதிகாரி வந்தார். மூணாவது வளைவுல ஜீப்பை நிறுத்தி இறங்கி, கீழ வளைஞ்சு வளைஞ்சு போற ரெண்டு வெள்ளை வரிசையைப் பாத்துட்டு, மலைக்கு நகை போட்ட மாதிரி இருக்குன்னு சொன்னார். போட்டோ எடுத்தார். நாளைக்கே நாமக்கல் ஆபீசுக்கு வந்து மத்த பொறியாளர்களுக்கு இதைச் சொல்லுங்கன்னும் சொன்னார். நான் அன்னைக்கு வானத்துலதான் நடந்தேன்.

மறுநாள் காலையில இஸ்திரி போட்ட காட்டன் புடவையைக் கட்டிக்கிட்டு, சோளக்காட்டுல முதல் பஸ் ஏறினேன். மேகம் இறங்கிக் கிடந்துச்சு. பக்கத்துல நிக்கிற ஆள் குரல் கேக்குது, மூஞ்சி தெரியல. மலைக்காரங்களுக்கு அது புதுசில்ல, சால்வையை இழுத்து மூடிக்கிட்டு உக்காந்துட்டாங்க.

பஸ் கிளம்புற நேரத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு அப்பாவையும் அவர் தோள்ல ஒரு பொண்ணுக் குழந்தையையும் கூட்டிக்கிட்டு ஓடி வந்தாங்க. நர்ஸும் என்னை மாதிரி சமவெளிக்காரங்க, கழுத்துல சின்ன சிலுவை போட்டிருப்பாங்க, ஞாயித்துக்கிழமையில நானும் அவங்களும் பேசிக்கிட்டு இருக்கிறது உண்டு. குழந்தைக்கு மூணு வயசு இருக்கும். மூச்சு இழுத்துச்சு. ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்பு தெரிஞ்சுச்சு. கூடவே ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். ஆம்புலன்ஸ் காரவள்ளி வரைக்கும் வந்து நிக்குது, டிரைவர் புதுசு, இந்த மேகத்துல ஏற மாட்டேங்கிறார், நாமதான் இறக்கிக் கொண்டு போகணும்னு நர்ஸ் என்கிட்ட சொன்னாங்க. சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்னு கேட்டேன். ரெண்டு மணி நேரம் தாங்கும்னாங்க. ஒண்ணே கால் மணி நேரத்துல இறங்கிடலாமேன்னு நான்தான் தைரியம் சொன்னேன்.

எங்க பஸ் டிரைவர் மலையிலயே பொறந்து வளர்ந்தவர். அதே ரோட்டுல பல வருஷமா ஓட்டுறவர். அவர் வண்டி ஓட்டுறதைப் பாத்தா எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கும். தூக்கத்துல இருக்கிற குழந்தை முழிச்சுடக் கூடாதேன்னு ஓட்டுற மாதிரி ஓட்டுவார். அன்னைக்கு முதல் வளைவை ரொம்ப மெதுவா இறக்கினார். ரெண்டாவதுல தலையை வெளியில நீட்டி நீட்டிப் பாத்தார். மூணாவதுல சடார்னு பிரேக் போட்டு நிறுத்திட்டார். எட்டிப் பாத்தேன். முன் சக்கரம் ஒரு வெள்ளைக் கல்லை ஒட்டி நின்னுச்சு. கல்லுக்கு அந்தாண்ட ஒண்ணுமே இல்ல, வெறும் மேகம்.

வண்டியைக் கொஞ்சம் பின்னாடி எடுத்து, இன்ஜினை அணைச்சுட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டார்.

குழந்தையோட அப்பா எழுந்து வந்து கையைக் கூப்பினார். "அண்ணா, எப்படியாச்சும் போயிருங்கண்ணா" அப்படின்னார். டிரைவர் அவர் கையைப் புடிச்சாரே தவிர, சாவியைத் தொடல. கண்டக்டர் டார்ச்சை எடுத்துக்கிட்டு இறங்கி முன்னாடி நடந்து பாத்தார், நாலு எட்டுல அந்த வெளிச்சம் மேகத்துக்குள்ள காணாமப் போச்சு. மேகம் எப்ப கலையும்னு நர்ஸ் கேட்டாங்க. பத்து மணி ஆகலாம், பன்னெண்டும் ஆகலாம்னு டிரைவர் சொன்னார். நர்ஸ் சிலிண்டர் முள்ளைப் பாத்தாங்க, பாத்துட்டு என்னைப் பாத்தாங்க.

இப்ப நான் பண்ணினதைக் கேளுங்க. நான் ஹைவேஸ் இன்ஜினியர், ரோடு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும், ஒரு பள்ளம்கூடக் கிடையாது, பயப்படாம எடுங்கன்னு அவருக்கு உத்தரவு போட்டேன். குழந்தை அங்க மூச்சுக்கு இழுக்குது, எனக்கு வேற எதுவும் தோணல.

அவர் கோவப்படல. என் பக்கம் திரும்பி, ரொம்ப நிதானமா சொன்னார்.

"ரோடு நல்லாத்தானுங்க இருக்குது. எது ரோடுன்னுதானுங்க தெரியலீங்க."

அப்புறம் லைட்டைப் போட்டு, கையை நீட்டிக் காட்டி விளக்கினார். அதுவரைக்கும் எந்தப் புஸ்தகமும், எந்த டிரெய்னிங்கும் எனக்குச் சொல்லாத பாடம் அது. மேகத்துல அவருக்கு ரோடு தெரியாதாம். லைட்டு வெளிச்சத்துல தெரியறது வெள்ளைக் கல்லு மட்டும்தான். வெள்ளை இருக்கிற பக்கம் பள்ளம், இருட்டா இருக்கிற பக்கம் மேடு. இருட்டை ஒட்டிப் போகணும், வெள்ளையை விட்டு விலகணும். வெள்ளை எங்க முடியுதோ அங்க வளைவு, அங்க திருப்பணும். அவ்வளவுதான் கணக்கு. அவர் மட்டுமில்ல, பஸ்சு, லாரி, மிளகு ஏத்துற ஜீப்பு எல்லாரும் அப்படித்தான் படிக்கிறாங்களாம். இப்ப வெள்ளை எங்கயுமே முடியலீங்க, ரெண்டு பக்கமும் போயிக்கிட்டே இருக்குதுன்னார். மேல் ரோட்டுப் பள்ளத்துக் கல்லு ஒரு வரிசை, திரும்பி வர்ற கீழ் ரோட்டு மேட்டுக் கல்லு இன்னொரு வரிசை. ரெண்டுக்கும் நடுவுல கறுப்பா ஒரு சந்து தெரியுது பாருங்க, அச்சு அசலா ரோடு மாதிரி, கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அதுலதான் இறக்கப் பாத்தேன்னார்.

நான் பாத்தேன். அவர் சொன்ன மாதிரியே இருந்துச்சு. நானா இருந்தாலும் அதுலதான் போயிருப்பேன். பாதி வேலைன்னு நான் நெனச்ச அந்தப் பாதிதான் அந்த மலையில இருந்த ஒரே போர்டு. அதை நான் ஒரே நாள்ல அழிச்சிருக்கேன், அழகா, ஒரு சொட்டு சிந்தாம.

பின்னாடி கதவு திறக்கிற சத்தம் கேட்டுச்சு. வழக்கம் போல கடைசி சீட்டுல வந்த அந்தச் சாலைப் பணியாளர் அம்மா மண்வெட்டியோட இறங்கினாங்க. மேட்டு ஓரம் போயி, நனைஞ்ச செம்மண்ணை ஒரு வெட்டு வெட்டி, ரெண்டு கையாலயும் அள்ளி, முதல் கல்லு மேல அப்பித் தேய்ச்சாங்க. வெள்ளை மறைஞ்சுச்சு. அடுத்த கல்லுக்குப் போனாங்க.

உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு நொடி எனக்குக் கோவம் வந்துச்சு. நேத்து போட்டோ எடுத்த கல்லும்மா அதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மனுஷ மனசு எவ்வளவு கேவலமானதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், பின்னாடி ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிக்குது, எனக்குக் கல்லைப் பத்தி கவலை.

டிரைவர் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருந்தவர், நிமிர்ந்து உக்காந்தார். திரும்பி மத்தவங்களைப் பாத்து, "இறங்குங்க சாமி, ஆளுக்கு நாலு கல்லு" அப்படின்னார்.

அந்த பஸ்ல இருந்த அத்தனை பேரும் இறங்கிட்டாங்க. வாழைத்தாரோட சந்தைக்குக் கிளம்பினவங்க, காலேஜ் போற பொண்ணுங்க, வங்கி வேலைக்கு வந்து ஊருக்குத் திரும்பிக்கிட்டிருந்த ஒருத்தர். எந்தக் கல்லு, எந்தக் கல்லு இல்லன்னு அந்தம்மா கை காட்டினாங்க. மேட்டுக் கல்லு முழுக்க வேண்டாம், வளைவுக்கு முன்னாடி பின்னாடி கண்ணுல படுறது போதும்னாங்க. மரத்து அடியையும் விடல. நானும் என் இஸ்திரிப் புடவையோட முட்டி போட்டு மண்ணை அப்பினேன். சுண்ணாம்பு பட்டு விரல் எரிஞ்சுச்சு. எரியட்டும்னு விட்டேன்.

முடிஞ்சதும் அந்தம்மா வண்டிக்கு முன்னாடி வந்து நின்னு திரும்பிப் பாத்தாங்க. டிரைவர் லைட்டைப் போட்டார். ஒரே ஒரு வெள்ளை வரிசை. அது ஓர் இடத்துல முடிஞ்சுச்சு. அவர் ஸ்டீரிங்கை அங்க திருப்பினார். பஸ் அந்த வளைவுல இறங்கினது எவ்வளவு சுளுவா இருந்துச்சுன்னா, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

நாலாவது, அஞ்சாவது, ஆறாவது. நாங்க முன்னாடி ஓடுறோம், மண்ணை அப்புறோம், பஸ் பின்னாடி ஊர்ந்து வருது. உள்ள நர்ஸ் மட்டும் குழந்தையோட. ஒவ்வொரு வளைவுலயும் அப்பா ஜன்னல் பக்கம் போயி எட்டிப் பாத்துட்டு, திரும்பி வந்து இன்னும் வேகமா தேய்ப்பார். எட்டாவது வளைவுல குழந்தை முனகறது நின்னுச்சு. நர்ஸ் கையசைச்சு, மூச்சு இருக்கு, அசந்துட்டா, சீக்கிரம்னு சொன்னாங்க. ஆளுக்கு நாலு கல்லுன்னது எட்டு கல்லாச்சு. பத்தாவது வளைவு தாண்டினதும் சுண்ணாம்பு அடிச்ச இடமும் முடிஞ்சுச்சு, இன்னும் நாலு வளைவுல மேகமும் விலகுச்சு. டிரைவர் அதுக்கப்புறம் எங்கயும் நிறுத்தல.

காரவள்ளியில ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வெச்சு நின்னுச்சு. குழந்தையை மாத்தினப்ப எங்க சிலிண்டர் முள்ளு அடியில படுத்துக் கிடந்துச்சு. நான் நாமக்கல் ஆபீசுக்குப் போகல. அடுத்த பஸ்ல திரும்பி மேல ஏறினேன்.

குழந்தை பிழைச்சுக்கிச்சு. பத்து நாள் கழிச்சு அவ அப்பா ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தோட சோளக்காட்டுக்கு வந்தார். டிரைவருக்குப் பாதி கொடுத்தார், அந்தம்மாவுக்குக் கொடுத்தார். அப்புறம் என்கிட்டயும் வந்து, நீங்களும் மண்ணு பூசினீங்க மேடம், மறக்க மாட்டேன்னு நாலு பழத்தைக் கையில வெச்சார். வெள்ளை அடிக்கச் சொன்னது யாருன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க பக்கத்துலயே ரெண்டு பேர் நின்னாங்க. டிரைவர் பழத்தை உரிச்சுக்கிட்டே பஸ் போர்டைப் பாத்தார். அந்தம்மா சாக்கை மடிச்சாங்க. ரெண்டு பேரும் என்னைக் காட்டிக் கொடுக்கல. இவ்வளவு பெரிய மனசை நான் என் சர்வீஸ்ல அதுக்கு அப்புறம் பாக்கல.

அவர் போனதும் நான் தாங்க முடியாம அந்தம்மாகிட்ட கேட்டேன். உங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும்ல, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு. குறை சொல்லல, ஆத்தாமைதான்.

அவங்க நிமிர்ந்து என்னைப் பாத்தாங்க. கண்ணுல கோவம் இல்ல, வருத்தம்கூட இல்ல.

"கேட்டனுங்களே மேடம்" அப்படின்னாங்க.

அவ்வளவுதான். மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டாங்க. ஆமா, கேட்டாங்க. 'மேட்டுப் பக்கமும் வெள்ளைங்களா'ன்னு கேட்டாங்க. ஆபீசர் சொல்றது தப்புன்னு ஒரு சாலைப் பணியாளர் எப்படிம்மா வாய்விட்டுச் சொல்லுவாங்க? அவங்களால முடிஞ்சது ஒரு கேள்வி. அதுவும் ஒரே தடவை. நான் அதை உத்தரவு கேக்கறாங்கன்னு நெனச்சுப் பதில் சொல்லிட்டேன்.

அதுக்கு அப்புறம் நான் டவுன்ல எத்தனையோ வீதிக்குக் கோடு போட்டிருக்கேன். கோடு போடுறதுக்கு முன்னாடி, அந்த வீதியில ஏற்கெனவே யார் எதைப் பாத்து நடக்கிறாங்கன்னு கேக்காம பெயிண்ட் டப்பாவைத் திறந்ததில்ல. பாதி வீதியில நான் செஞ்சதே இருந்த போர்டைக் கழட்டினதுதான். அதுக்கு ஒரு மெடலும் கிடையாது.

சரி, டீக்கடை அம்மாவுக்கு வர்றேன். நீங்க கவனிச்சீங்களோ என்னமோ, நான் பக்கத்துல இருந்ததால எனக்குத் தெளிவா காதுல விழுந்துச்சு. அவங்க திரையைக் காட்டி, "ஏனுங்க, ரெண்டு ஓரமும் மஞ்சளுங்களா?"ன்னு கேட்டாங்க. நீங்க சொன்ன பதிலை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்ல, நான் மலையில சொன்ன அதே பதில்தான்.

அவங்க எதுக்காகக் கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்த மஞ்சளை யார் எப்படிப் படிக்கிறாங்களோ, அதுவும் தெரியாது. கடை ஒம்போது மணி வரைக்கும் திறந்திருக்கும். மிச்சத்தை நான் அப்புறம் பேசிக்கிறேன், நீங்க முதல்ல போய் அவங்களைப் பாத்துட்டு வாங்க.